சுக்கான் பிழையா, இருக்கை பிழையா?

(ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



கோடை வந்தால் எங்கள் ஒன்றுகூடல்களில் பேச்சு மாறிவிடுகிறது. முன்பெல்லாம் வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, ஊரில் கிடக்கும் காணி என்றுதான் கதை போகும். இப்போது நாலு கார் வந்து நின்றால் அதில் ஒன்றின் கூரையிலாவது கயாக் கட்டியிருக்கிறது. பெரிய கடையில் மலிவு விற்பனையில் வாங்கியவர்களும் இருக்கிறார்கள், ஆரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் போட்டு விற்ற பழையதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். வாங்கி ஒரு மாதம் கழிய எனக்குத் தொலைபேசி வரும். "அண்ணை, இதின்ரை சுக்கான் வேலை செய்யுதில்லை." அல்லது, "அரை மணித்தியாலம் இருந்தால் கால் விறைச்சுப் போகுது, இறங்கேலாமல் கிடக்கு." இரண்டு முறைப்பாடும் தனித்தனியாகத்தான் வரும். இரண்டுக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது என்பதை நானே சரியாக விளங்கிக்கொண்டது போன வருடத்துக் கோடையில், அதுவும் தண்ணீருக்கு நடுவில்.

நான் படகு கட்டுபவன் அல்ல. கட்டடங்களில் மின்தூக்கி திருத்துவது என் தொழில். கம்பியும் கப்பியும் பழக்கம் என்பதால் மற்றவர்களின் கயாக்குகளும் என் வீட்டு வாகனக் கொட்டிலுக்கு வந்துவிடுகின்றன. அந்த அளவில்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

நடந்தது இதுதான். நியூ ஜேர்சியின் பானெகற் விரிகுடாவை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அத்திலாந்திக் கடலுக்கும் தரைக்கும் நடுவே, நீண்ட மணல் தீவுகளுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கும் ஆழமில்லாத நீர். சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர் அளவில்தான். முதல் தடவை அதைப் பார்த்தபோது பண்ணைப் பாலத்தில் நின்று பார்ப்பது போல எனக்கு இருந்தது. நானும் ஒன்பது வயது மகளும் இருவர் இருக்கும் கயாக்கில், காலைக் குளிர்மையில் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டுக் கிழக்குப் பக்கத்து மணல் திட்டுகளுக்குப் போய், நண்டும் கொக்கும் பார்த்து, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டு முடித்தபோது பகல் ஒன்றரை மணி. பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. கோடையில் அந்தக் கரையில் மத்தியானத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து கடற்காற்று எழும்பும். ஊரில் சோளகம் எப்போது பிடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே கைத்தொலைபேசியில் பார்க்க வசதி இருந்தும் நான் பார்க்கவில்லை.

மேற்கு நோக்கித் திரும்பினோம். காற்று இடது பக்கத்திலிருந்து அடித்தது. கயாக்கின் அணியம் இடது பக்கமாக, காற்றின் முகத்துக்கே திரும்பிக்கொண்டு போனது. நான் பின் இருக்கையில். சுக்கானின் மிதிகள் என் காலடியில். வலது மிதியை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஊன்றி அழுத்தினேன். கயாக் தன் பாட்டுக்கு இடது பக்கம் திரும்பியது. துடுப்பால் இழுத்து நேராக்கினால் நாலு வலி வலிக்க முன்பு மறுபடி திரும்பிவிடும். முன்னாலிருந்து மகள், "அப்பா, நாங்கள் சுத்திக்கொண்டே நிக்கிறம்" என்று முதலில் சிரித்தாள். அலை பக்கவாட்டில் ஏறி மடியில் விழத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கம்பி அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கம்பி அறவில்லை. அறுந்த கம்பியை மிதித்தால் மிதி ஒரு தடையும் இல்லாமல் முன்னுக்குப் போய்விடும். இங்கே மிதி கல்லுப் போல நின்றது. நான்தான் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதுகுச் சாய்வைப் பிடித்திருந்த பட்டி நனைந்து, மணல் ஏறி, பூட்டுக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக வழுகிவிட்டது. காலால் தள்ளும்போது நாரிக்குப் பின்னால் எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லாததால் என் உடம்பு சரிந்தது. கம்பி ஒரு விரல் அகலமும் நகரவில்லை.

கரைக்கு வந்த கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் சுக்கான் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஏனென்றால் பாதி முறைப்பாடு அதை விளங்காததால் வருவது.

கயாக் என்பது வட துருவத்துப் பனிக் கடலோரம் வாழும் இனுயிற் மக்களும் அவர்களின் அயல் இனத்தவரும் வேட்டைக்காக எலும்பு, மரச் சட்டத்தின் மேல் தோலை இழுத்துக் கட்டிச் செய்த வள்ளம். அவர்கள் அதற்குச் சுக்கான் வைக்கவில்லை. எங்கள் கட்டுமரத்துக்கும் சுக்கான் கிடையாது, துடுப்பே திசை பிடிக்கும். சுக்கான் என்ற சொல்லே அரபுக் கடலோடிகளிடமிருந்து எங்களிடம் வந்ததுதான். கயாக்குக்குச் சுக்கான் பின்னால் வந்து சேர்ந்தது. ஐரோப்பியர் மடித்துக் கொண்டுபோகக்கூடிய துணிக் கயாக்குகளைச் செய்து நீண்ட பயணம் போகத் தொடங்கிய காலத்தில் அது பரவியது. அப்படிப் போனவர்களில் ஒருவர் ஒஸ்கார் ஸ்பெக் என்ற ஜேர்மானியர். 1932ல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கியவர், கரையோரமாகவே வலித்தும் சிறு பாய் விரித்தும் 1935ல் இலங்கைக்கு வந்து, மேலே இந்தியக் கரை வழியாகப் போய், 1939ல் அவுஸ்திரேலியாவின் வட எல்லையில் உள்ள சாய்பாய் தீவை அடைந்தார். அதற்குள் உலகப்போர் தொடங்கிவிட்டது. எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். ஏழு வருடம் கடல் தாண்டிப் போனவருக்குக் கிடைத்த வரவேற்பு அது. எங்களில் சிலருக்கு அந்த முடிவு புதினமாக இருக்காது.

எனக்குச் சுக்கானை விளக்கியவர் குருநகரைச் சேர்ந்த ஒரு அண்ணை. எழுபதைத் தாண்டியவர், பக்கத்து ஊரில் மகனோடு இருக்கிறார். என் கயாக்கைப் பார்த்து முதலில் சிரித்தார். "இது வள்ளமில்லை, கோப்பை." பிறகு பின்பக்கம் போய்ச் சுக்கானைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது திருப்பிறதுக்கு இல்லை. நேர போறதுக்கு." 

அவர் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். கயாக் முன்னேறும்போது அணியம் தண்ணீரை வெட்டிக்கொண்டு போவதால் அந்த இடத்தில் நீரின் அழுத்தம் அதைப் பிடித்து வைத்திருக்கும். கடையார்ப் பக்கத்தில் அந்தப் பிடி இல்லை. பக்கத்திலிருந்து காற்று அடித்தால் பின்பக்கம் வழுகும், முன்பக்கம் நிற்கும். ஆகவே முகம் காற்றுக்குத் திரும்பும். பின்னால் ஒரு தகட்டைத் தண்ணீரில் இறக்கினால் பின்பக்கத்துக்கும் பிடி வருகிறது. தைப்பொங்கலுக்குப் பட்டம் விட்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வால் பட்டத்தைத் திருப்பவா கட்டுகிறோம்? அது குத்தாமல் நிற்கவே கட்டுகிறோம். கயாக்கைத் திருப்ப வேண்டுமென்றால் துடுப்பை அகலமாக வீசி வலிக்க வேண்டும். சுக்கானை ஒரேயடியாக ஒரு பக்கம் மடக்கி மிதித்தால் அது பிறேக் போல இழுக்குமே தவிரச் சட்டென்று திரும்பாது. "திரும்புதில்லை" என்று வரும் முறைப்பாட்டில் அரைவாசிக்கு இதுதான் பதில்.

10 அடி அளவான சிறு கயாக்குகளில் பெரும்பாலும் சுக்கான் இராது. அது குறை அல்ல. குளத்துக்கும் கால்வாய்க்கும் அது போதும். 

இப்போது இருக்கை. திருத்த வேலையில் நான் எப்போதும் முதலில் இருக்கையைத்தான் பார்ப்பேன். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். காலுக்கும் நாரிக்கும் இடையில் நீங்கள் ஒரு முட்டுக்கட்டை. ஒரு முனை சரிந்தால் மறுமுனை வேலை செய்யாது.

மேலே ஏறி உட்காரும் வகைக் கயாக்குகளில் இருக்கையைத் தனியாகக் கழற்றலாம். நாலு பட்டிகள் இருக்கும், இரண்டு முன்னுக்கு, இரண்டு பின்னுக்கு. பலர் பின் பட்டியை இறுக்கிவிட்டுச் சாய்வு விழுகிறது என்பார்கள். நீங்கள் சாயும்போது உங்கள் பாரத்தைத் தாங்குவது முன் பட்டி. முன்னால் உள்ள கொக்கியிலிருந்து சாய்வின் மேல் பகுதியைப் பிடித்து இழுத்து வைத்திருப்பது அதுதான். பின் பட்டி சாய்வு முன்னுக்கு மடியாமல் பார்ப்பது. ஆகவே முன் பட்டியை முதலில், பிறகு பின் பட்டியை. இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்பதையும் பாருங்கள், இல்லாவிட்டால் உடம்பு ஒரு பக்கம் சரிந்து, கயாக்கும் அந்தப் பக்கம் சரிந்து, பிறகு "சுக்கான் ஒரு பக்கம் இழுக்குது" என்பீர்கள்.

பட்டி வழுகுவதற்குக் காரணம் அநேகமாக மணலும் உப்பும்தான். பிளாஸ்ரிக் பூட்டின் பற்கள் தேய்ந்தும் இருக்கலாம். நல்ல தண்ணீரில் ஊறவிட்டுப் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அதற்குப் பிறகும் வழுகினால், இழுத்து இறுக்கியபின் பட்டியின் வால் பக்கத்தை அதே பூட்டுக்குள்ளால் இன்னொரு தடவை மடித்துக் கோத்து விடுங்கள், அல்லது பூட்டை ஒட்டியே ஒரு முடிச்சுப் போடுங்கள். பார்வைக்கு அழகில்லை. வழுகாது. அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு முடிச்சுத்தான். கொக்கிகளையும் விரலால் திறந்து பாருங்கள். மலிவான கொக்கியின் உள்ளே இருக்கும் சுருள்கம்பி உப்பில் துருப்பிடித்து இறுகிப்போகும் அல்லது உடைந்துபோகும். பித்தளைக் கொக்கியோ கறைபடா உருக்குக் கொக்கியோ வாங்கி மாற்றுவது பெரிய செலவில்லை.

உள்ளே கால் நீட்டி உட்காரும் வகையில் இருக்கை கயாக்கோடு சேர்த்துப் பூட்டியிருக்கும். அங்கே திருகாணி தளர்வதும், பல்லுப்பட்டியைப் பிடிக்கும் நெம்பு உடைவதும் வழக்கம். திருகாணியை இறுக்கப் போகும்போது கவனம்: பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக்கில் ஆணியை அளவுக்கு மீறி முறுக்கினால் ஓட்டை பெருத்துவிடும். பெருத்துவிட்டால் பசையை நம்ப வேண்டாம். சாதாரண சிலிக்கன் பசை அந்தப் பிளாஸ்ரிக்கில் ஒட்டாது, ஒரு கிழமையில் தோல் போல உரிந்து வரும். இறப்பர் வளையம் வைத்து, உள்ளே அகலமான தகட்டு வளையமும் சுரையும் போட்டு இறுக்குவதே முறை.

கால் விறைப்பு. இது வயதானவர்களின் குறை என்று நினைக்க வேண்டாம், எனக்கு இருபது வயதுப் பையன்களும் சொல்கிறார்கள். காலை நேராக நீட்டி, தொடையின் அடிப்பக்கம் காற்றில் தொங்க, முழுப் பாரமும் பிட்டத்து எலும்பில் விழ உட்கார்ந்தால் தொடைக்குப் பின்னால் ஓடும் நரம்பு நசுங்கும். மிதியைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து முழங்கால் சற்று மடிந்து வெளிப்பக்கம் விரிந்து இருக்கச் செய்யுங்கள். ஒரு துவாயைச் சுருட்டித் தொடைக்குக் கீழே வையுங்கள். பின்பொக்கற்றில் பணப்பை இருந்தால் எடுத்துவிடுங்கள். சிலர் சுலபமான வழி என்று தடித்த மெத்தை ஒன்றைப் போட்டு இருக்கையை உயர்த்துகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இரண்டு அங்குலம் உயர்ந்தாலே கயாக்கின் ஆட்டம் கூடும், அலையில் கவிழும் அபாயமும் கூடும். மீன்பிடிக் கயாக்குகளில் உயர்த்தி, தாழ்த்தி வைக்கும் கதிரை வருகிறது. அமைதியான நீரில் உயர்த்துங்கள், காற்று எழும்ப முன் தாழ்த்துங்கள்.

இனிச் சுக்கான். பாகங்கள் கொஞ்சம்தான்: தகடு, அது ஆடும் கீல், தகட்டை இறக்கி ஏற்றும் கயிறு, காலடி மிதிகள், மிதியிலிருந்து கீலுக்குப் போகும் இரண்டு கம்பிகள். சில கயாக்குகளில் கம்பிக்குப் பதிலாக நீளாத நார்க் கயிறு இருக்கும்.

இவற்றில் அறுவது கம்பிதான், அறும் இடமும் எப்போதும் நடுவில் இல்லை. மின்தூக்கியிலும் இதுவே கதை. கம்பி எங்கே மடிகிறதோ, எங்கே நசுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் பழுதாகும். கயாக்கில் அது இரண்டு இடம்: கடையாரில் குழாயை விட்டுக் கம்பி வெளியே வரும் வாய், மற்றது நுனி வளையத்தை நசுக்கிப் பிடிக்கும் சிறிய உலோகக் குழாய். ஒரு பழந்துணியைக் கம்பியில் சுற்றி இழுத்துப் பாருங்கள். நூல் கொளுவினால் ஒரு இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் விரலால் பார்க்க வேண்டாம், இழை ஊசி போல ஏறும், நான் அனுபவப்பட்டவன். ஒரு இழை போனால் மற்றவை பின்னால் வரும். அந்தப் பருவம் முடியட்டும் என்று காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். புதுக் கம்பி போடும்போது பழைய கம்பியின் நுனியில் புதியதை இறுக்கமாக ஒட்டி, பழையதை இழுத்தால் புதியது குழாய் வழியே தானாக வந்துவிடும். பழையதை முதலில் உருவி எறிந்துவிட்டுப் புதியதை நுழைக்கப் படாத பாடு பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயர் வேண்டாம், இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தகடு இறங்கவில்லை என்றால் கீலுக்குள் மணல், அல்லது தகட்டின் நடு ஆணி அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, அல்லது கயிறு முடிச்சில் வழுகி நீண்டுவிட்டது. கழுவி, ஆணியைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய், கிறீஸ் போடாதீர்கள், அவை மணலைப் பிடித்து அரைக்கும் கல்லாக்கிவிடும். உலர்ந்து நிற்கும் சிலிக்கன் விசிறல் போதும். தகடு கடகடவென்று அதிர்ந்தால் கீல் ஊசியையும் அதைப் பிடிக்கும் சிறு வளையத்தையும் பாருங்கள். ஒரு சதம் பெறாத அந்த வளையம் விழுந்தால் சுக்கான் முழுவதுமே கழன்று கடலில் போய்விடும். 

ஒரு பக்கம் இழுக்கும் சுக்கானுக்கு முதலில் இரண்டு மிதிகளும் ஒரே பல்லில் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது கம்பி நீளம். மூன்றாவது, பலர் பார்க்காதது, கயாக்கின் வயிறு. வெயிலில் ஒரு பக்கம் படுக்கவிட்ட, அல்லது கார்க் கூரையில் பட்டியால் நெரித்துக் கட்டிய பிளாஸ்ரிக் கயாக் உள்வாங்கிவிடும். ரெக்சாஸ் வெயிலில் இது மிகச் சாதாரணம் என்று ஹியூஸ்ரனில் இருக்கும் மைத்துனர் சொல்வார். வைத்தியமும் அதே வெயில்தான்: பட்டியைக் கழற்றிக் கவிழ்த்து வெயிலில் வைத்தால், அல்லது சுடுநீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினால், பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வரும். அவருக்குக் கல்வெஸ்ரன் பக்கத்தில் இன்னொரு தொல்லை, சிப்பிப் பாறை. தகட்டை இறக்கியபடி அதற்கு மேல் போனால் தகடும் போகும். கரை தட்டும்போதும், பின்னுக்கு வலிக்கும்போதும் சுக்கானைத் தூக்கிவிட வேண்டும் என்பது எல்லா இடத்துக்கும் பொது.

சரி, தண்ணீரில் நிற்கும்போது சுக்கான் போய்விட்டால்? தூக்கிவிடுங்கள். ஒரு பக்கம் மடிந்து இறுகி நிற்கும் சுக்கான், சுக்கான் இல்லாததைவிட மோசம். காற்று வரும் பக்கத்தில் துடுப்பை அகலமாக வீசி வலியுங்கள், அது அணியத்தைக் காற்றிலிருந்து விலக்கும். பாரமான பையைப் பின்னுக்குத் தள்ளுங்கள், கடையார் தண்ணீரில் கூட அமிழ்ந்து பிடி கிடைக்கும். அப்படியும் முடியாவிட்டால் போக நினைத்த இடத்துக்கே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட வேண்டும். நான் அன்று பத்து நிமிடம் அந்தப் பிடிவாதத்தில் வீணாக்கினேன். பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டி, விட்டு வந்த மணல் திட்டுப் பக்கமே ஒதுங்கினோம். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயாக்கைப் பிடித்தேன். பட்டியை இழுத்து முடிச்சுப் போட்டேன். மிதித்துப் பார்த்தால் சுக்கான் ஆடுகிறது! அதற்காக உடனே கிளம்பவில்லை. மகள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பின்னேரம் காற்று இறங்கும்வரை திட்டில் இருந்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கடந்தோம். கம்பியே அறுந்திருந்தாலும் ஒரு வழி உண்டு: தகட்டை இறக்கி, கயிறு ஒன்றால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து நடுவில் நிற்கும்படி கட்டிவிட்டால் அது திரும்பாத வாலாக நின்று பயன் தரும். அதற்கு இரண்டு பாகம் கயிறு கையில் இருக்க வேண்டும். அன்று என்னிடம் இருக்கவில்லை. இப்போது கயிறு, குறடு, திருப்புளி, உதிரிக் கொக்கி, ஒட்டுப்பட்டி, விசில் ஆகியவை ஒரு தண்ணீர் புகாத பையில் இருக்கையோடு கட்டியே கிடக்கின்றன.

கலிபோர்னியா வளைகுடாப் பகுதியில் இருந்து இந்த உரையைக் கேட்பவர்கள் இருந்தால், உங்கள் நிலைமை இதைவிடக் கடினம். கோடைப் பின்னேரங்களில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் மேற்குக் காற்று எங்களுடையதைவிடப் பலமாக அடிக்கும், தண்ணீரும் வருடம் முழுவதும் குளிர். விழுந்தால் இறங்கி நின்று பட்டி கட்ட அங்கே இடம் கிடைக்காது. காலையிலேயே போய் வந்துவிடுங்கள்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. மகள் சொல்லிவிட்டாள். அம்மா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளைக்கு மிதக்கிற சட்டை போட்டிருந்தனியோ?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1993ல் நானும் அம்மாவும் கிளாலியில் வள்ளம் ஏறியபோது எனக்குப் பதினொரு வயது. ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்டிருந்த காலம். ஒரு இயந்திரப் படகு கயிற்றில் நாலைந்து வள்ளங்களைக் கட்டி இழுக்கும், விளக்கில்லாத இரவு, அந்த வருடம் தை மாதத்தில் அதே நீரேரியில் சனங்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். வள்ளத்தில் எவருக்கும் மிதக்கும் சட்டை இருக்கவில்லை. அம்மா தன் சீலைத் தலைப்பின் ஒரு நுனியை என் இடுப்பில் கட்டியிருந்தார். அமெரிக்கா வந்த இத்தனை வருடத்தில் கடற்கரைக்கு வருவார், மணலில் இருப்பார், காலை நனைக்க மாட்டார்.

போட்டிருந்தாள் என்று என்னால் சொல்ல முடிந்தது. நியூ ஜேர்சி, கலிபோர்னியா, ரெக்சாஸ் மூன்று மாநிலங்களிலும் இப்படியான சிறு படகில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களுக்குப் படகில் இருந்தால் போதும் என்று சட்டம் விட்டிருக்கிறது. "உனக்கு?" என்று அம்மா இரண்டாவது கேள்வி கேட்கவில்லை, நல்லகாலம். என்னுடையது இருக்கைக்குப் பின்னால் மடித்துச் செருகிக் கிடந்தது. சாய்வு சரிய அது கீழே வழுகி, கை எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. இப்போது கரையிலேயே போட்டுப் பூட்டிக்கொள்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கயாக்கைப் புல்வெளியில் இரண்டு மரக்கட்டை மேல் வைத்தேன். கம்பி நீளம் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் இருக்கையில் இருந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் சமமாக மிதியில் வைத்திருக்க, மற்றவர் பின்னால் நின்று தகடு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. வெறும் கயாக்கில் கையால் மிதியை அமுக்கிப் பார்த்தால் சரியாகத் தெரியாது. மனைவி வேலைக்குப் போயிருந்தார், மகள் நடன வகுப்பில். அம்மாதான் வாசற்படியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரே கீரைச் சுளகை வைத்துவிட்டு வந்தார். "இது தண்ணிக்கை இல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்தார். சாய்வை அவருக்கு ஏற்ற மாதிரி இழுத்துக் கட்டினேன். காலைச் சமமாக வைக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். தகடு வலது பக்கம் சரிந்து நின்றது.

"அம்மா, வலது காலாலை அமத்துறியளோ?"

"இல்லையடா, ரெண்டும் ஒரே மாதிரித்தான் வைச்சிருக்கிறன். நீ கம்பியைப் பார்."

இடது கம்பி மற்றதைவிட இரண்டு விரல் நீளமாக இருந்தது. நுனியின் முடிச்சு வழுகியிருந்தது. அவிழ்த்துச் சுருக்கி மறுபடி கட்டினேன். அம்மா மாறி மாறி மிதிக்க, தகடு இரண்டு பக்கமும் ஒரே அளவு போய் வந்தது. வேலை முடிந்தது, இறங்குங்கோ என்றேன். இன்னொருக்கா மிதித்துப் பார்க்கிறேன் என்று கொஞ்ச நேரம் இருந்தார்.